ஊரடங்குக்குள் முறைப்பாடு எழுதிய கதை

மட்டக்களப்பில் யாரும் முறைப்பாட்டை எழுதிக்கொண்டு வருவதில்லை. வந்து உட்கார்ந்து கதைப்பார்கள். காணிக் கதையில் தொடங்கி, மகளின் கலியாணம், சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீடு என்று சுற்றி, எழும்பிப் போகிற நேரத்தில்தான் "அந்த ஒபிசில என்ன மட்டும் வெளிய நிக்கச் சொன்னாங்க மிஸ்" என்று ஒரு வரி விழும். முறைப்பாடு அந்த வரிக்குள்தான் இருக்கும். அதற்கு முன்னால் வந்த அரை மணி நேரக் கதை, அந்த ஒரு வரியைச் சொல்லும் தைரியத்தைச் சேர்த்துக்கொள்வதற்கு.

நகரத்தில் ஒரு சிறிய பெண்கள் அமைப்பில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்துவந்தேன். கேட்டதை ஒழுங்குபடுத்தி மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கோ, தொழில் திணைக்களத்துக்கோ, பிரதேச செயலாளருக்கோ கடிதமாக்கிக் கொடுப்போம். ஆள் பயந்தவராக இருந்தால் கூடவும் போவோம். எல்லாமே முகம் பார்த்துச் செய்கிற வேலை. 2020 மார்ச் 20 பின்னேரம் ஆறு மணிக்கு கொரோனாவுக்காக இலங்கை முழுக்க ஊரடங்கு போட்டார்கள். எங்கள் முறை அன்றோடு நின்றுபோனது. ஆள் பார்த்துப் பாரபட்சம் செய்கிறவர்கள் நிறுத்தவில்லை.

நோயைவிட நாள் கணக்குத்தான் எனக்கு முதலில் தலையிடியானது. அரசாங்க அதிகாரி ஒருவர் பாரபட்சம் காட்டினால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். வாகரையிலோ வெல்லாவெளியிலோ இருக்கிற ஒருவர் ஒரு மாதத்துக்குள் கொழும்பில் சட்டத்தரணி பிடித்து மனுப் போடுவது நல்ல காலத்திலேயே நடக்கிற காரியமில்லை. ஆனால் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தை ஒரு மாதக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். இதிலும் ஒரு முடிச்சு உண்டு. முறைப்பாடு கொடுத்த துண்டை மட்டும் காட்டினால் போதாது, விசாரணை உண்மையாகவே நடந்துகொண்டிருந்தது என்று காட்டவேண்டும் என உயர் நீதிமன்றம் சில வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கக்கூடாது. இலக்கம் கேட்டு, கடிதம் கேட்டு, அடுத்தது என்ன என்று கேட்டு, கேட்டதற்கெல்லாம் எழுத்தில் ஒரு தடம் வைத்துக்கொள்ளவேண்டும்.

இப்போது இதை ஊரடங்குக்குள் வைத்துப் பாருங்கள். பஸ் இல்லை. தபால் இல்லை. அலுவலகக் கதவு பூட்டு. மாதம் மட்டும் தன் பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் செய்த முதல் மாற்றம் சின்னது, ஆனால் மற்ற எல்லாமே அதன்மேல்தான் நின்றன. செய்தி எந்த வழியால் வந்தாலும், அது வந்த நேரமே முறைப்பாடு கிடைத்த நேரம் என்று முடிவெடுத்தோம். மிஸ்ட் கோல் கொடுத்தாலும் சரி, வட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினாலும் சரி, மருத்துவிச்சி மிஸ்ஸிடம் சொல்லிவிட்டாலும் சரி, கொப்பியில் உடனே நாலு வரி எழுதவேண்டும்: யாருக்கு, எப்போது, எங்கே, என்ன நடந்தது. கீழே திகதியும் நேரமும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அன்றைக்கே முறைப்பாட்டாளருக்கும் எங்களில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுவோம். முழுக் கதையும் பிறகு வரட்டும், ஆதாரம் பிறகு வரட்டும். முதலில் திகதியைப் பிடித்துக்கொள்ளவேண்டும். முன்பெல்லாம் முழுக் கடிதமும் தயாரான பிறகுதான் பதிவுப் புத்தகத்தில் ஏற்றுவது வழக்கம். அந்த வழக்கத்தை அப்படியே வைத்திருந்தால் ஏப்ரலில் வந்தவை பல ஜூன் மாதத்துக் கணக்கில் விழுந்திருக்கும்.

அடுத்து ஆணைக்குழுவுக்கு மின்னஞ்சல், அல்லது 1996 என்ற இலக்கத்துக்கு அழைப்பு. சட்டம் வந்த ஆண்டும் தொலைபேசி இலக்கமும் ஒன்றாக இருப்பதால் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க லேசாக இருந்தது. முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்கலாம், காசு எதுவும் கட்டவேண்டியதில்லை. இந்த இரண்டையும் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. இங்கிலிசில் எழுதினால்தான் எடுபடும் என்று நினைக்கிறவர்கள் படித்தவர்களுக்குள்ளும் இருக்கிறார்கள்.

ஆணைக்குழுச் சட்டத்தின் 14ஆம் பிரிவை அந்தக் காலத்தில்தான் நான் ஒழுங்காகப் பயன்படுத்தினேன். பாதிக்கப்பட்டவர் மட்டுமில்லை, அவர் சார்பில் இன்னொருவரும் முறையிடலாம், ஒரு குழுவாகவும் முறையிடலாம் என்று அதில் இருக்கிறது. தனிமைப்படுத்தல் நிலையத்தில் இருந்தவருக்காக வெளியே இருந்த தங்கச்சி முறையிட்டார். சம்மதத்துக்கு, "என் சார்பில் என் தங்கை முறையிடச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். எழுதத் தெரியாதவர்களிடம் பெயர், ஊர், திகதி சொல்லி அதே வசனத்தைக் குரலாக வாங்கினோம். அந்தக் குரல் பதிவுகளை முறைப்பாட்டு இலக்கம் போட்டுத் தனியாகச் சேமிக்காவிட்டால், ஒரு மாதத்தில் போன் நிறைந்து யாராவது அழித்துவிடுவார்கள். போன் நிறைவது சின்ன விசயம் போலத் தெரியும். எங்களுக்கு அது பெரிய விசயம்.

செய்ய முடியாமல் போனதற்கும் சாட்சி சேர்க்கவேண்டும் என்பது அடுத்த பாடம். சட்டம் முடியாத காரியத்தைச் செய்யச் சொல்லாது என்ற பழைய கோட்பாட்டை அந்த ஒரு மாத விடயத்தில் உயர் நீதிமன்றம் கவனத்தில் எடுத்ததுண்டு. ஆனால் முடியவில்லை என்று காட்டுவது எங்கள் பொறுப்பு. பிறகு 2021 ஓகஸ்டில் கொவிட் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கம், வந்தது. கொவிட் சூழ்நிலையால் சட்டத்தில் குறித்த காலத்துக்குள் செய்ய முடியாமல் போனவற்றுக்கு நிவாரணம் கேட்க அது இடம் தந்தது, அதுவும் 2020 மார்ச் 1 தொடக்கம் நடந்தவற்றுக்கு. நல்லதுதான். ஆனால் சட்டம் வந்தபோது நோய் தொடங்கி ஒன்றரை வருடம். அவ்வளவு காலத்துக்கு முந்தைய ஒரு கிழமையில் உங்கள் ஊர் பூட்டியிருந்தது என்று எதை வைத்துக் காட்டுவீர்கள்? சுகாதாரப் பரிசோதகர் வாசலில் ஒட்டிய தனிமைப்படுத்தல் அறிவித்தல், ஊரடங்குப் பாஸ் கேட்டதற்கு மறுத்து வந்த குறுஞ்செய்தி, இன்ன பொலிஸ் பிரிவு தனிமைப்படுத்தப்பட்டது என்ற பத்திரிகைத் துண்டு, இவையெல்லாம் முறைப்பாட்டுக் கோவைக்குள் இருக்கவேண்டும். 2020 ஒக்டோபரில் வாழைச்சேனைப் பக்கம், நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்று, வருடக் கடைசியில் காத்தான்குடி என்று ஊர் ஊராகப் பூட்டினார்கள். பக்கத்து ஊர் திறந்திருக்கும்போது உங்கள் ஊர் பூட்டியிருந்ததைப் பிறகு யாரும் ஞாபகம் வைத்திருக்கமாட்டார்கள்.

தொலைபேசி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வெளியிலிருந்து வந்த ஆலோசனை எல்லாம் "இணைய வழிக்கு மாறுங்கள்" என்பதாக இருந்தது. சொல்வது லேசு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் சில கிராமங்களில் சிக்னல் பிடிக்க வயல் வரம்பில் ஏறி நிற்கவேண்டும். வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட் போன் இருந்தால் அது மகனிடமோ புருசனிடமோ இருக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பாடம் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கிய பிறகு அம்மாவின் கைக்குப் போன் வருவது ராத்திரி பத்து மணிக்கு. அதனால் எங்கள் "அலுவலக நேரம்" ராத்திரிக்கு மாறியது. மிஸ்ட் கோல் தந்தால் நாங்கள் திருப்பி எடுப்போம், ரீலோட் செலவு அமைப்புடையது என்று வைத்தோம்.

எடுத்தவுடனே விசயத்தைக் கேட்கக்கூடாது. "இப்ப கதைக்க ஏலுமா, பக்கத்துல ஆக்கள் இருக்காங்களா?" என்று கேட்டு, ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடியமாதிரிக் கேள்விகளை அமைத்துக்கொள்வோம். வேலைத்தளத்தில் ஒருவர் தன்னிடம் எப்படி நடந்தார் என்பதை மாமியாருக்கு முன்னால் ஒரு பெண் எப்படிச் சொல்லுவார்? "சம்பளம் பற்றின கதையா, மற்றக் கதையா?" என்று கேட்டால் "மற்றது" என்று ஒரு சொல் வரும். அது போதும், வேறொரு நேரம் குறித்துக்கொள்ளலாம். கடிதம் எழுதி முடிந்ததும் போனிலேயே முழுவதையும் ஆறுதலாக வாசித்துக் காட்டுவோம். அந்த வாசிப்பில்தான் உண்மையான திருத்தங்கள் வந்தன. "அப்படி இல்ல மிஸ், அவர் ஏசல்ல. சிரிச்சார்." சிரித்தார் என்பது ஏசியதைவிட மோசமான விசயம், அது கடிதத்தில் அப்படியே வரவேண்டும்.

சரி, எழுதுகிற விசயத்துக்கு வருவோம். பாரபட்சம் என்று சொல்ல ஒப்பிட்டுக் காட்ட இன்னொரு ஆள் வேண்டும். எனக்குக் கொடுக்கவில்லை என்பது குறை. என்னைப்போல இருந்த மற்றவருக்குக் கொடுத்து எனக்குக் கொடுக்கவில்லை, அதற்குக் காரணம் என் மதம், என் சாதி, நான் பெண், நான் இன்ன கட்சி என்று காட்டினால்தான் அது பாரபட்சம். சாதாரண காலத்தில் மற்றவருக்கு என்ன கிடைத்தது என்பது சந்தைக்குப் போனாலே தெரிந்துவிடும். ஊரடங்கில் அவரவர் வீட்டுக்குள். அடுத்த தெருவில் யாருக்கு என்ன வந்தது என்று எவருக்கும் தெரியாது, அல்லது வதந்தியாகத் தெரியும். ஒப்பிட ஆளே இல்லாமல் போனதுதான் அந்தக் காலத்து முறைப்பாடுகளின் பெரிய பலவீனம் என்பது என் எண்ணம். தொலைபேசி, சூம், மின்னஞ்சல் எல்லாம் அதற்கு அடுத்தபடி.

2020 ஏப்ரலிலும் மே மாதத்திலும் 5,000 ரூபாய் கொடுப்பனவு வந்தபோது இது நன்றாகத் தெரிந்தது. அழைத்தவர்களில் பாதிப்பேர் பட்டியலில் இல்லாதவர்கள். "ஜீ.எஸ். ஆள் பார்த்துக் குடுக்கிறார்" என்பதுதான் எல்லோருடைய வசனமும். ஜீ.எஸ். என்றால் கிராம சேவகர். விசாரித்தால் சிலருக்கு அடையாள அட்டை முகவரி வேறு கிராமத்தில், சிலருக்கு வீட்டில் இன்னொருவர் ஓய்வூதியக்காரர். அவை பாரபட்சமில்லை, மேன்முறையீட்டுக்குரிய விசயம். ஆனால் அதற்குள் வேறு சிலவும் இருந்தன. புருசன் விட்டுப்போன பெண் ஒருவரிடம், குடும்பத் தலைவர் வந்து கையெழுத்து வைத்தால்தான் தரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதே வரிசையில் மனைவி ஊரில் இல்லாத ஆண்களிடம் அப்படி எதுவும் கேட்கவில்லை. இது பாரபட்சம், ஒப்பிட ஆளும் இருக்கிறது. அந்தப் பெண்ணின் கடிதத்தில் வறுமையைப் பற்றி நான் ஒரு வரிதான் எழுதினேன். மற்றதெல்லாம் அந்த ஆண்கள் பெற்றதைப் பற்றி.

அதனால் ஊர்ப் பெண்கள் சங்கங்களில் இருந்தவர்களிடம் ஒரு வேலை கொடுத்தோம். யாராவது ஏதாவது கொடுக்கிறார்கள் என்றால் என்ன காரணம் சொல்லிக் கொடுத்தார்கள், என்ன காரணம் சொல்லி மறுத்தார்கள் என்று அன்றைக்கே கேட்டு வையுங்கள், உங்கள் வீட்டுக்குக் கிடைத்தாலும் கேட்டு வையுங்கள். பிறகு தெரிவு அளவுகோல்களைக் கேட்டு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டோம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்பது சட்டம். முடக்கத்தில் வேலை நாள் எது என்பதே கேள்வி, ஆனாலும் விண்ணப்பம் போனது என்ற தகவலுக்கே சில இடங்களில் பட்டியல் திருந்தியது.

அவசர காலத்து விதியையும் பாரபட்சத்தையும் பிரித்து எழுதுவது இன்னொரு பழக்கம். தனிமைப்படுத்தல் எல்லோரையும்தான் கட்டிப்போட்டது. அதைப் பாரபட்சம் என்று எழுதினால் முதல் பந்தியிலேயே கடிதம் விழுந்துவிடும். கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டே எழுதவேண்டும். பூட்டிய ஊரிலிருந்து வந்த கர்ப்பிணி ஒருவரைக் கிளினிக் ஒன்றில் பார்க்கவில்லை. அவருக்கு முன்னும் பின்னும் அதே ஊரிலிருந்து வந்த வேறு இனத்தவரைப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் கடிதம் இப்படித் தொடங்கியது: "தொற்றுக் கட்டுப்பாட்டு நடைமுறைகளை நான் ஏற்றுக்கொள்கிறேன். முகக்கவசம் அணிந்திருந்தேன், அனுமதியும் வைத்திருந்தேன். அந்த நடைமுறை எனக்கு மட்டும் வேறுவிதமாக ஏன் பிரயோகிக்கப்பட்டது என்பதே என் கேள்வி." பதில் எழுதுகிறவருக்குக் கொரோனா என்று சொல்லித் தப்ப இடம் இருக்கக்கூடாது.

கட்டுநாயக்கவிலும் மினுவாங்கொடையிலும் கார்மெண்ட் வேலைக்குப் போய்த் திரும்பிய பிள்ளைகளின் கதை வேறு. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடைக் கொரோனாக் கொத்தணி வந்த பிறகு, தனிமைப்படுத்தலை முடித்துக் கையில் கடிதத்தோடு வந்த பிள்ளைகளைக்கூட ஊர் சேர்க்கவில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ள விடவில்லை. அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரையின் பட்டியலில் இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கொள்கை, பிறந்த இடம் எல்லாம் இருக்கிறது. நோய் அதில் இல்லை. ஆகவே அதிகாரி ஒருவர் நோயைக் காரணம் காட்டி ஒதுக்கினால், எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிற 12(1)இன் கீழ் எழுதினோம். ஒதுக்கியது பக்கத்து வீட்டுக்காரர் என்றால் அதற்கு 126ஆம் உறுப்புரை உதவாது. அது நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு மட்டும். அந்த நேரங்களில் சுகாதாரப் பரிசோதகரையே கூட்டிப்போய், அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று ஊர்ச் சனத்துக்கு முன்னால் சொல்ல வைத்ததுதான் கடிதத்தைவிட வேலை செய்தது.

எங்கள் ஆட்கள் செய்ததையும் சொல்லவேண்டும். முதல் மாதங்களில் தமிழ்க் கிராமங்கள் சிலவற்றில் முஸ்லிம் வியாபாரிகளை உள்ளே வரவேண்டாம் என்றார்கள். சில கடைகளில் முஸ்லிம் பெண்களுக்குச் சாமான் கொடுக்கவில்லை. மதத்தைக் காரணம் காட்டிக் கடைக்குள் விடாமலிருப்பதை 12(3)ஆம் உறுப்புரை நேரடியாகவே தடுக்கிறது. ஆனால் கடைக்காரர் தனியார், நீதிமன்ற வழி நீளமானது, ஏறாவூரிலிருந்து வந்த தாத்தாவுக்கு (முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்) தேவைப்பட்டது அன்றைக்குப் பால்மா. உள்ளூர் வர்த்தகர் சங்கத்துக்கும் பிரதேச சபைக்கும் எழுதினோம், அதைவிடப் பலமாகக் கோயில் தலைவர் ஒருவரைக் கதைக்க வைத்தோம். யாருக்கு எதிராக முறைப்பாடு என்பதை முதல் கேள்வியாகவே கேட்டுவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்: அரசாங்க அதிகாரியா, முதலாளியா, அயலவரா? மூன்றுக்கும் மூன்று கதவு. வேலையை விட்டு நிறுத்தியது என்றால் தொழில் அலுவலகம், தேவைப்பட்டால் தொழில் நியாய சபை. வழக்குக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு, அதற்கு மட்டக்களப்பிலேயே நிலையம் இருக்கிறது.

முகக்கவசம் கொண்டுவந்த சிக்கல் ஒன்று யாரும் முன்கூட்டி நினைக்காதது. மறுத்தவர் யார் என்றே தெரியாது. முகக்கவசம், கண்ணாடித் திரை, சில இடங்களில் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு. "யார் சொன்னது?" என்று கேட்டால் "உயரமான ஒரு ஆள்" என்பார்கள். பெயர் தெரியாவிட்டால் எந்தக் கவுண்டர், எத்தனை மணி, பக்கத்தில் யார் நின்றார்கள், வாகனம் வந்திருந்தால் அதன் இலக்கம், கையில் தந்த துண்டில் யாருடைய கையெழுத்து என்பதைக் குறிக்கச் சொன்னோம். அந்த நேரத்தில் கடமையில் யார் இருந்தார்கள் என்பதை அந்த அலுவலகத்திடமே கேட்டுப் பெறலாம்.

இதே முகக்கவசம் காது கேளாதவர்களை முற்றாக வெட்டிவிட்டது. உதடு பார்த்து விளங்கிக்கொள்கிற ஒரு தம்பியை அலுவலகம் ஒன்றில் "சொல்றது கேக்காத ஆள்" என்று திட்டி அனுப்பியிருக்கிறார்கள். அவருக்குப் போன் அழைப்பும் உதவாது, சூமும் உதவாது. வட்ஸ்அப்பில் தட்டி எழுதியே முழு முறைப்பாட்டையும் எடுத்தோம். சொல்லப்போனால் எங்கள் கோவைகளிலேயே ஆகத் தெளிவான முறைப்பாடு அதுதான், ஒவ்வொரு வரிக்கும் நேரம் விழுந்திருந்தது.

தமிழில் தராத படிவங்கள் பற்றிய முறைப்பாடும் வந்தது. வேறு மாகாணத் தனிமைப்படுத்தல் நிலையத்திலிருந்து விடும்போது சிங்களத்தில் மட்டும் ஒரு தாள், வாசிக்கத் தெரியாமலே கையெழுத்து. வடக்கு, கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. வேறு மாகாணத்திலும் தமிழில் பெறும் உரிமை உண்டு. நடைமுறைக்கு ஒரு சின்ன வழி: கையெழுத்துக்குப் பக்கத்தில் "எனக்கு வாசித்து விளக்கப்படவில்லை" என்று தமிழில் எழுதிவிட்டு வைக்கலாம். யாரும் தடுக்கவில்லை. அந்த ஒரு வரி பிறகு பெரிய ஆதாரம்.

இனி ஜனாசா விசயம், அதாவது இறந்த முஸ்லிம்களின் உடல் அடக்கம். இதை எழுதாமல் மட்டக்களப்பில் இருந்துகொண்டு இந்தக் காலத்தைப் பற்றி எழுத முடியாது. 2020 ஏப்ரல் 11 அரசாங்க வர்த்தமானி அறிவித்தல், கொவிட்டால் இறந்தவர்களைத் தகனம் செய்யவேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதையும் அனுமதித்திருந்த காலம் அது. அடக்க உரிமை கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போன அடிப்படை உரிமை மனுக்கள் 2020 டிசம்பர் 1ஆம் திகதி விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடியாகின. அதே மாதம் 20 நாள் குழந்தை ஒன்றின் உடலையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச் 5ஆம் திகதி தொடக்கம் நாட்டின் எல்லாப் பகுதியிலிருந்தும் உடல்கள் எங்கள் மாவட்டத்து ஓட்டமாவடிக்கு, மஜ்மா நகருக்கு வந்தன. ஒரு வருடத்தில் 3,600க்கும் மேற்பட்டவர்களை அங்கே அடக்கியிருக்கிறார்கள், முஸ்லிம்கள் மட்டுமில்லை, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் பௌத்தர்களும் அங்கே இருக்கிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

முறைப்பாட்டு வழிமுறை எங்கே உடைகிறது என்பதை நான் அதில்தான் பார்த்தேன். ஒரு மாதம், விசாரணை, பரிந்துரை என்று ஓடுகிற எந்த வழிமுறையும், உடல் சில மணித்தியாலங்களில் எரிக்கப்படுகிற இடத்தில் உதவாது. ராத்திரி ஒரு மணிக்கு அழைத்து "வாப்பாவ குடுக்கமாட்டாங்களாம், என்ன செய்ற மிஸ்?" என்று கேட்கிற பிள்ளைக்கு, முறைப்பாட்டுப் படிவத்தில் மூன்றாம் பந்தியை எப்படி நிரப்புவது என்றா சொல்வது? திருப்பிச் சரிசெய்ய முடியாத பாதிப்புக்கு வேறு ஒரு பாதை வேண்டும். நாங்கள் அதைத் தனியாக வைத்தோம். அப்படியான அழைப்பு வந்தால் நாலு வரிக் குறிப்புக்கூடப் பிறகு. முதலில் 1996க்கு அழைப்பு, அதே நேரம் இன்னொருவர் சட்டத்தரணிக்கு, இன்னொருவர் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு. குடும்பத்துக்குச் சொன்னது ஒன்றே: சம்மதம் என்று இருக்கிற எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள், வைக்கத்தான் வேண்டும் என்றால் "எங்கள் விருப்பத்துக்கு மாறாக" என்று எழுதி வையுங்கள். அதனால் எந்த உடலும் தப்பவில்லை. ஆனால் அந்தக் குடும்பங்கள் சம்மதித்தன என்று இன்றைக்கு எவரும் சொல்ல முடியாது.

பழிவாங்கல் பயம் வழமையைவிட அந்தக் காலத்தில் கூட. முறைப்பாடு யாருக்கு எதிரானதோ அவர்தான் அடுத்த நிவாரணப் பட்டியலையும் எழுதுவார், பாஸுக்குச் சிபாரிசும் செய்வார். முன்பென்றால் பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு கடிதத்தில் கையெழுத்து வைப்பார்கள். கூடக்கூடாது என்ற காலத்தில் அது முடியாது. ஆகவே ஒரே பந்தியை ஒவ்வொருவரும் தன் தாளில் தன் கையால் எழுதி, தனித்தனியாகப் படம் அனுப்பச் சொன்னோம். பார்த்தால் தனித்தனி முறைப்பாடு, சேர்த்தால் ஒரு குழு. முதலில் யார் கொடுத்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. கிரான் பக்கத்துப் பெண்கள் இதைச் சொல்லித்தந்தார்கள் என்பதுதான் உண்மை, எங்கள் மூளையில் வந்ததில்லை.

தொலைபேசி வழி விசாரணைகளுக்கு ஆயத்தம் செய்வதும் ஒரு வேலையாக இருந்தது. எதிர்த்தரப்பு அதிகாரி தன் அலுவலகத்தில் கதிரையில் இருந்து கதைப்பார், நம் ஆள் மாமரத்தடியில் நின்று கதைப்பார், நடுவில் சேவல் கூவும். முதல் நாளே ஒரு ஒத்திகை. முக்கியமான மூன்று விசயங்களைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் வைத்திருக்கவேண்டும். லைன் அறுந்தால் யார் யாருக்குத் திருப்பி எடுப்பது என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் "முறைப்பாட்டாளர் கலந்துகொள்ளவில்லை" என்று பதிவாகிவிடும். முடிந்ததும் பேசியதைச் சுருக்கமாக எழுதி அன்றைக்கே மின்னஞ்சல்.

எல்லாம் திறந்த பிறகு சூமை விட்டுவிட்டோம். எங்களுக்கு அது ஒத்துவரவில்லை, சும்மா பேருக்கு வைத்திருந்து பயனில்லை. நாலு வரிக் குறிப்பு, குரலில் சம்மதம், வாசித்துக் காட்டுவது, அவசரப் பாதை இவற்றை வைத்துக்கொண்டோம். 2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ்ஸும் ஆட்டோவும் நின்றபோது ஒரு நாளும் வேலை நிற்கவில்லை. மண்டூரிலிருந்து ஒரு அக்கா அழைத்து, வரிசையில் தனக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்குமுன்னே, "திகதி எழுதிட்டீங்களா மிஸ்?" என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். அப்புறம்தான் கதைக்கத் தொடங்கினார், காணிக் கதையிலிருந்து.